சோதனைக்கு முன் மூன்று நாள்

என் வேலையில் பாதி, தாள் படிப்பது. குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் பதினோரு லோரிகள் என் பொறுப்பு. மாதம் ஒரு முறை ஒவ்வொரு எஞ்சினிலிருந்தும் ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவோம். நாலைந்து நாளில் ஒரு தாள் வரும். பக்கம் முழுக்க எண்கள். நல்லதென்றால் பச்சை, கவனி என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. வருடக்கணக்காகப் பார்த்துச் சலித்துப்போய், எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். நிறத்தை மட்டும் பார்ப்பேன். நடந்ததில் என் பங்கு அதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. இரும்பு ஏறினால் சிலிண்டர் தேய்கிறது. செம்பும் ஈயமும் ஏறினால் பேரிங். சோடியம் ஏறினால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. சிலிக்கன் என்று ஒன்று இருக்கும். அது வேறொன்றுமில்லை, மண். தோட்டத்துச் செம்மண் புழுதி காற்றோடு உள்ளே போனால் அந்த எண் ஏறும். மண்ணும் இரும்பும் சேர்ந்து ஏறினால் எஞ்சின் அரைபட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். தாளின் கடைசியில் கார எண் என்று ஒரு வரி வரும். புது எண்ணெயில் அமிலத்தை முறிக்க ஒரு மருந்து கலந்திருப்பார்கள். லோரி ஓட ஓட அது குறைந்துகொண்டே வரும். பழைய எண்ணெயில் அது தானாக ஏற வழியே இல்லை.

எட்டாம் நம்பர் லோரியை ஓட்டியவர் பக்கத்து ஊரான ரெங்கத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது, என்னைவிட இரண்டு வயது இளையவர். பதினான்கு வருடமாக அதே லோரி. கிழட்டு லோரி. முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: இந்த எஞ்சின் படுத்தால் மறுபடி செய்ய மாட்டேன், பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவேன். அந்த லோரி போனால் அவருக்கு வேறு லோரி கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

எங்கள் இருவருக்கும் சர்க்கரை வியாதி. அரசாங்கக் கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில் எங்களுக்கு இரத்தச் சோதனை. அதற்கு மூன்று நாள் முன்பிருந்து இரண்டு பேரும் மகா யோக்கியர்களாகிவிடுவோம். இரவில் சோறு கிடையாது. பாகற்காய்ச் சாறு. ஒட்டுக்கடையில் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர். விரலில் குத்தி எண்ணைப் பார்த்துவிட்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சிரித்தால் போதும், நேராக எதிர்க்கடைக்குப் போய் ரொட்டி சானாயும் இனிப்பான பால் தேநீரான தே தாரேயும்.

“மிஸ்ஸிய ஏமாத்திட்டோம்ணே,” என்பார்.

“யார யார் ஏமாத்துறது? வாய மூடிட்டுச் சாப்பிடுய்யா,” என்பேன். சிரிப்போம்.

சோதனைத் தாள்களை அலுவலகப் பலகையில் ஒட்டும் யோசனை என்னுடையது. ஓட்டுநர்களுக்குப் பொறுப்பு வரும் என்று நினைத்தேன். பொறுப்பு வரவில்லை, கிண்டல்தான் வந்தது. சிவப்பு வாங்கியவனை ஒரு மாதம் முழுக்க ஓட்டித் தள்ளினார்கள். ஒரு மாதம் எட்டாம் நம்பருக்குச் சிவப்பு வந்தது. மண் ஏறியிருந்தது, இரும்பும் ஏறியிருந்தது. காற்று உள்ளே போகும் வழியைச் சோதிக்கவும் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. இந்த ஓட்டுநர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காற்று வடிகட்டியில் புழுதி அடைத்தால் கழற்றி டயரில் நாலு தட்டுத் தட்டி மறுபடி மாட்டிவிடுவார்கள். உள்ளிருக்கும் காகிதம் கிழிந்து புழுதி நேரே எஞ்சினுக்குள் போகும். அன்று காலை எல்லாரும் கூடியிருந்தபோது அவரைப் பிடித்துக் கத்தினேன்.

“எத்தன தடவ சொல்றது? டயர்ல அடிக்காத, அடிக்காதன்னு!”

“நான் அடிக்கலண்ணே. பிள்ளைங்க மேல சத்தியமா அடிக்கல.”

“அப்ப மண்ணு எப்படி உள்ள போச்சு? நடந்து போச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். “அலமாக், எட்டாம் நம்பர் மண்ணு திங்குது லா!” என்று ஒருவன் கூவினான். அவர் காது வரை சிவந்துபோனார். வடிகட்டியை மாற்றச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். முழங்கால் வலி, வெயில், ஆலையிலிருந்து ஓயாத தொலைபேசி. குனிந்து லோரியைப் பார்க்க எனக்கு அலுப்பாக இருந்தது.

அடுத்த மாதம் எட்டாம் நம்பருக்குப் பச்சை வந்தது. அதற்கடுத்த மாதமும் பச்சை. தாளை ஒட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டு முதுகில் தட்டினேன். “பாத்தியா, சொன்னா கேக்கணும்,” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, “சரிண்ணே,” என்றார். இரண்டாம் தாளின் அடியில் சோதனைக்கூடத்தார் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: இத்தனை மணி நேரம் ஓடிய எண்ணெய்க்குக் கார எண் கூடுதலாக இருக்கிறது, இடையில் எண்ணெய் மாற்றினீர்களா, உறுதிப்படுத்தவும். அந்த வரியை நான் படித்தேன். படிக்காமல் இல்லை. பச்சைக்கு எதற்குப் பதில் எழுதிக்கொண்டு என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் புட்டி பிடிக்கும் முன்பே, யோங் பெங் போகும் சாலையில் ஒரு மேட்டில் குலைச் சுமையோடு எட்டாம் நம்பர் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ரோட்டோரம் குந்தியிருந்தார். எஞ்சின் இறுகிப் போயிருந்தது.

பட்டறையில் தலைமை மெக்கானிக்கான போமன் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். பிஸ்டன் வளையங்கள் கத்தி மாதிரி கூராகத் தேய்ந்திருந்தன. “மண்ணுதான் அண்ணே, ரொம்ப நாளா,” என்றவர், வடிகட்டிக்கும், காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவுக்கும் இடையில் இருந்த ரப்பர்க் குழாயை வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. வெளியே நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து தடவிப் பார்த்தால் தெரியும். வடிகட்டியில் ஒரு குறையும் இல்லை.

நான் அலுவலகத்துக்கு வந்து மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சிவப்புத் தாளில் இருந்த இரும்பு, மண், கரி எல்லாமே அடுத்த தாளில் ஒரே அளவாகப் பாதியாகியிருந்தன. கார எண் மட்டும் ஏறியிருந்தது. வடிகட்டியை மாற்றினால் இப்படி ஆகாது. பாதி எண்ணெயை வடித்துவிட்டுப் புதுசை ஊற்றினால்தான் ஆகும். வேலை கற்றுக்கொண்ட முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்ட விஷயம்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்கவில்லை.

“புட்டி பிடிக்கறதுக்கு மொத நாளு பாதிய எறக்கிட்டு, ரெங்கத்துல புது எண்ணெய் வாங்கி ஊத்துனேண்ணே. வேற என்ன செய்யச் சொல்றீங்க? நான் அடிக்கலன்னேன், நீங்க நம்பல. மறுபடி செவப்பு வந்தா தவுக்கே லோரிய வித்துருவாரு. மிஸ்ஸிக்குச் செய்யறதத்தான் லோரிக்கும் செஞ்சேன்.”



என்ன நடந்தது என்று முதலாளி எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். குழாய் வெடிப்பை எழுதினேன். ஓட்டுநர் எண்ணெயைக் கலந்து சோதனையைக் கெடுத்ததை எழுதினேன். எல்லாம் உண்மை. சோதனைக்கூடத்தார் கேட்ட கேள்வியை நான் படித்துவிட்டுப் பேசாமல் இருந்ததை எழுதவில்லை. அவர் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்ததையும் எழுதவில்லை. லோரி இரும்புக்குப் போயிற்று. மறு வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, “வர்றேண்ணே,” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. பழக்கதோஷம், மூன்று நாளாக நான் பாகற்காய்ச் சாறுதான். போனால், முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரே, உறிஞ்சு குழல் போட்டு நிதானமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். இரத்தம் எடுக்கும் காலையில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் ஆகாது என்று எங்கள் இருவருக்கும் மனப்பாடம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னய்யா இது? எண்ணு தாறுமாறா வருமே.”

“வரட்டும்ணே. உள்ளது உள்ளபடி வரட்டும்.” அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை, களைப்பாக. “நீங்க இந்தத் தடவையும் மூணு நாளா?”

அதற்குள் என் வரிசை எண்ணைக் கூப்பிட்டார்கள். மிஸ்ஸி விரலில் குத்தி, கருவியைப் பார்த்துச் சிரித்தாள். “பாகுஸ் பாக்சிக், ரொம்ப நல்லா இருக்கு மாமா,” என்று சத்தமாகவே சொன்னாள். வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். பின்னால் அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.