தங்கச்சி நிறுத்துன மாத்திரை

எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, ஒத்துக்கிறேன். காலேஜ்ல யாரையாவது ஓட்டிக்கினே இருப்பேன். வீட்ல மாட்டுனது தங்கச்சி, எட்டாவது படிக்கிறா.

அவளுக்கு க்ரோன்ஸ்னு ஒரு நோய். குடல்ல புண்ணு, வயித்துவலி, ரத்தமா போவும். விழுப்புரத்துல டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாரு. "மூஞ்சி உப்பும், பயப்படாதீங்க. நான் சொல்லாம நிறுத்திடாதீங்க"ன்னு அப்பவே சொன்னாரு. வலி நின்னுச்சு. மூஞ்சியும் பூசணிக்கா மாதிரி உப்பிடுச்சு.

நான் சும்மா இருந்தேனா? திண்டிவனத்துல பஸ் ஏறுனப்போ, அவ கிளாஸ் பொண்ணுங்க முன்னாடியே, "கண்டக்டர் அண்ணே, இவளுக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா.

ரெண்டே வாரத்துல சுருண்டு விழுந்தா. பாத்ரூம் முழுக்க ரத்தம். தூக்கிக்கினு விழுப்புரம் ஓடுனோம். அங்க போயித்தான் தெரிஞ்சுது, அந்த பஸ்ல வந்த நாள்லேர்ந்து மாத்திரைய முழுங்காம வாஷ்பேசின்ல போட்டுக்கினு இருந்திருக்கா.

"யாரு பாப்பா நிறுத்த சொன்னது?"ன்னு டாக்டர் கேட்டாரு.

அவ என்னைய ஒரு செகண்ட் பாத்தா. "யாரும் இல்ல சார். நானாத்தான்."

"அறிவிருக்காடி உனக்கு?"ன்னு அம்மா, ட்ரிப்ஸ் ஏறுற அவ கையப் புடிச்சிக்கினு அழுதாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். ட்ரிப்ஸ் பாட்டிலையே பாத்துக்கினு இருந்தேன்.

இப்ப வேற ஊசி போடுறாங்க, கொஞ்சம் தேறிட்டா. ஆனா நான் எதிர்ல வந்தா துப்பட்டாவ கன்னம் வரைக்கும் இழுத்து வுட்டுக்குவா. அம்மாகிட்ட உண்மைய இன்னும் நான் சொல்லல. அவளும் சொல்லல.