மாக் டிரில்லில் எனக்கு அடிபட்ட நாள்

நடிக்க வர வேண்டும் என்று யோசனை கேட்கும் தம்பிகளுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் உங்கள் பாடு.

எனக்கு ஊர் காக்களூர். பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டிக்கொண்டே பன்னிரண்டு வருடம் சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். கல்யாணக் கூட்டம், சாவுக் கூட்டம், ரேஷன் கடைக் கூட்டம். ஒரு படத்திலும் வாயைத் திறந்ததில்லை. சேஃப்டி வாரம் வந்தால் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் நாடகம் போடுவேன். ஹெல்மெட் போடாமல் சாகிற முட்டாள் தொழிலாளி எப்போதும் நான்தான். கும்மிடிப்பூண்டி பக்கம் என் சாவுக்கு நல்ல பேர்.

அப்போதுதான் முதல் வசனம் கிடைத்தது. கோர்ட் சீன். கூண்டில் நிற்கிற நான் நீதிபதியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: “ஐயா, எனக்கு ஜாமீன் குடுக்க எருமை வந்துகீது. வாசல்ல நிக்குது.” அவ்வளவுதான். அந்த ஒரு வரியை ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். எருமையில் அழுத்தம் கொடுப்பதா, வாசலில் கொடுப்பதா என்று தூக்கம் கெட்டது. ஷூட்டிங் சோழவரத்தில், மதியம் இரண்டு மணிக்கு.

ஒன்று: அடிபடுதல்

அதே நாள் காலையில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மாக் டிரில். நிஜமாக விபத்து நடந்தால் என்ன செய்வார்கள் என்று ஒத்திகை பார்ப்பது. அங்கே சேஃப்டி ஆபீசர் தியாகராஜன் எனக்குப் பழக்கம். வெளியிலிருந்து பார்வையாளர்கள் வந்து மார்க் போடுகிறார்களாம். அடிபடுகிறவர் கம்பெனி ஆளாக இருக்க வேண்டுமாம்.

“எங்க ஆளுங்கள படுக்க வெச்சா சிரிச்சிடுறானுங்கபா. நீ வந்து படு. பதினோரு மணிக்கு உன்ன உட்டுர்றேன்” என்றார்.

எனக்கு யூனிஃபார்ம் கொடுத்தார். பேக்கிங் பிரிவு முருகேசனின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினார். முருகேசன் கேன்டீனில் ஒளிந்துகொண்டார். ரத்தம் என் சொந்தத் தயாரிப்பு: ரோஸ்மில்க் சிரப், சோள மாவு, கொஞ்சம் காபித்தூள்.

“ஆல் கிளியர் சைரன் அடிக்கிற வரைக்கும் கண்ணத் தொறக்காத. வாயையும் தொறக்காத” என்றார் தியாகராஜன்.

தொறப்பேனா? தொழில் ஆயிற்றே. சங்கு ஊதியதும் விழுந்தேன். முதலுதவி ஆட்கள் ஓடிவந்து, ரத்தத்தைத் துடைக்காமல் அதன் மேலேயே தலை முழுக்கக் கட்டுப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வண்டி கேட்டைத் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வேண்டும். இதை டிரைவருக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் புது ஆள், கடமை தவறாதவர். நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

டிரில் முடிந்தது என்கிற ஆல் கிளியர் சைரன் கம்பெனியில் அடித்திருக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கட்டிலில் கிடந்த எனக்கு எப்படிக் கேட்கும்? ஆஸ்பத்திரியும் டிரில்லில் ஒரு பகுதி போலிருக்கிறது, பரவாயில்லை, பெரிய ஏற்பாடுதான் என்று நினைத்தேன். கையில் ஊசி ஏறியபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். என்னை எதால் அடிப்பது!

இரண்டு: குணமாகுதல்

அப்படியே தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால். பதறி எழுந்தேன்.

“சிஸ்டர், எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நடிகன்.”

நர்ஸ் அட்டையைப் பார்த்தார். “முருகேசன், படுங்க.”

“நான் முருகேசன் இல்லம்மா!”

அவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “டாக்டர், பேஷன்ட்டுக்குத் தன் பேரே தெரியல.”

டாக்டர் அம்மா வந்தார். சின்ன வயசு, பொறுமைசாலி. கட்டைப் பிரித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். ஸ்கேன் எடுக்காமல் தலைக்கட்டைப் பிரிக்கக் கூடாது என்றார். ஸ்கேனுக்கு எனக்கு முன்னால் நான்கு பேர். இதற்குள் என் தலையணையில் எறும்பு வரிசை கட்டியது. சிரப் ஆயிற்றே, வராதா? நர்ஸ் குனிந்து பார்த்தார்.

“ரத்தத்துக்கு எறும்பு வருது டாக்டர்.”

“ஐயோ, சுகர் எவ்வளவு இருக்கோ! உடனே பாருங்க.”

விரலில் குத்தினார்கள்.

“மேடம், கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க” என்றேன். ஸ்பீக்கரில் போட்டார். தியாகராஜன் பக்கத்தில் பார்வையாளர்கள் இருந்திருக்க வேண்டும், குரல் மேடைப் பேச்சாக வந்தது. “எஸ் டாக்டர், அவர் எங்க முருகேசன்தான். பதினஞ்சு வருஷ சர்வீஸ். நல்லா பாத்துக்கோங்க.” வைத்துவிட்டார். பாவி மனுஷன்!

“நடிகர்னு சொல்றீங்களே, எதாவது நடிச்சுக் காட்டுங்க” என்றார் டாக்டர் அம்மா. கிண்டலுக்குச் சொன்னாரோ, சிகிச்சைக்குச் சொன்னாரோ தெரியாது. நான் எழுந்து கட்டிலையே கூண்டாகப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் பழகிய வசனத்தை உயிரைக் கொடுத்துச் சொன்னேன்.

“ஐயா, எனக்கு ஜாமீன் குடுக்க எருமை வந்துகீது. வாசல்ல நிக்குது!”

ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர் மெல்லத் திரும்பிப் படுத்தார். டாக்டர் அம்மா கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார். நர்ஸ் மட்டும் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“டாக்டர், நிக்குது.”

நிஜமாகவே ஓர் எருமை ஆஸ்பத்திரி வாசலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. யார் வீட்டு எருமையோ. அதனால் என் நிலைமை தேறவில்லை. பெட்டுக்கு இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றிவிட்டார்கள்.

மணி ஒன்றரை ஆனபோது ஒரு பெண் தலைவிரி கோலமாக வார்டுக்குள் ஓடிவந்தார். முருகேசனின் மனைவி. அடையாள அட்டையின் பின்னால் இருந்த நம்பருக்கு யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். “ஐயோ, என்ன உட்டுட்டுப் போய்டாதய்யா!” என்று என் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

“இது எங்க ஊட்டுக்காரரு இல்ல! யாருய்யா நீ?”

“டிரில்லும்மா. சும்மா நடிச்சேன். அவரு கேன்டீன்ல நல்லாகீறாரு.”

அந்த அம்மா என் காலை உதறிவிட்டு எழுந்தார். “ஆட்டோல வரசொல்லோ வழி பூரா எம்புள்ளைங்களுக்கு இன்னா சொல்றதுன்னு அழுதுகினு வந்தேன்யா. உங்க வெளாட்டுக்கு என் தாலிதான் கெடச்சுதா?” என்று கேட்டார். அந்த அம்மா காலில் விழ வேண்டியவன் நான். ஆனால் அவர் சத்தம் போட்ட பிறகுதான் டாக்டர் அம்மா கம்பியை இறக்கினார்.

மூன்று: வசனம்

பஸ்ஸில் என் கோலத்தைப் பார்த்து ஒரு சீட்டே காலி செய்து கொடுத்தார்கள். காரனோடையில் இறங்கி ஓட்டமும் நடையுமாக ஷூட்டிங் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால். புரொடக்ஷன் மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நாலு வாட்டி ஃபோன் போட்டேன். எங்கய்யா போய்த் தொலைஞ்ச?”

“ஆஸ்பத்திரில மாட்டிக்கினேன் சார். ஃபோன் கம்பெனில கீது. இப்ப ரெடி சார்.”

“உன் டயலாக்க எருமக்காரருக்குக் குடுத்தாச்சு. கூட்டத்துல போய் நில்லு. கட்டு இருக்கட்டும், கோர்ட்ல அடிபட்டவன் இருப்பான்.”

எருமைக்காரர் என்றால் வாடகைக்கு எருமை ஓட்டிவந்தவர். அவரைக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். கேமரா ஓடியது. எந்த அழுத்தமும் இல்லாமல், தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னார். யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கட்டுப்போட்ட தலையோடு அழுதேன். பன்னிரண்டு வருடம்! அது என் வசனம்.

படம் வந்தது. திருவள்ளூர் தியேட்டரில் பார்த்தேன். எருமைக்காரர் வசனத்துக்குக் கொஞ்சம் சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் ஒருத்தன் தேம்பித் தேம்பி அழுவதைப் பார்த்து ஜனம் சீட்டில் விழுந்து புரண்டது. டைரக்டர் அதை வெட்டாமல் விட்டிருந்தார். அன்றிலிருந்து நான் “அழுவுற ஆளு”. எல்லோரும் சிரிக்கிற இடத்தில் பின்னால் நின்று அழ வேண்டும், அதுதான் எனக்கு வேஷம். மெஷின் வேலையை விட்டுவிட்டேன். வசனம் மட்டும் இன்றுவரை யாரும் தரவில்லை.

தம்பிகளா, விழச் சொன்னால் விழுங்கள், எங்கே எழ வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கமே வேண்டாம். நான் கற்றது அவ்வளவுதான்.

ஒவ்வொரு டைரக்டரும் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்கிறார். “அந்தப் படத்துல அழுதீங்களே, அப்படியே நடிங்க சார்.” அன்று நான் நடிக்கவில்லை என்று இதுவரை ஒரு டைரக்டரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பிழைப்புப் போய்விடும். கிளிசரினை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொள்கிறேன்.