சுடாத தார் வீதி

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆடிவேல் நாள். கொட்டாஞ்சேனையில் லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நான், வேல் ரதத்துக்குப் பின்னால் வெறுங்காலுடன் நடப்பதாக நேர்த்தி வைத்திருந்தேன். மகளுக்கு நல்ல வேலை கிடைத்த சந்தோஷம். ரதம் புறக்கோட்டையைத் தாண்டிக் காலி வீதியில் ஏறும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கூட வந்தவர்கள் தார்ச் சூடு தாங்காமல் துள்ளித் துள்ளி வீதியோரத்து நிழலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் நடுவீதியில் மாப்பிள்ளை மாதிரி ஆறுதலாக நடந்தேன். எனக்குச் சுடவே இல்லை. முருகன் என் பக்தியை ஏற்றுக்கொண்டான் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. துள்ளிக்கொண்டிருந்த மைத்துனரைப் பார்த்து, மனம் சுத்தமென்றால் தார் என்ன செய்யும் என்று கேலியும் பண்ணினேன்.

பக்தியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பல வருடச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்று முடித்திருந்தது. அது எனக்குத் தெரியாது. கிளினிக்கில் காலைப் பார்க்கச் சொன்ன போதெல்லாம், காலில் என்ன பார்க்க இருக்கிறது என்று சிரித்துவிட்டு வந்தவன் நான்.

இரண்டு நாளில் பெருவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம் கண்டது. நோகாத புண் என்ன புண் என்று பஞ்சை வைத்துக் கட்டி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மனைவியிடம் சொல்லவில்லை. ஒருகொடவத்தையில் கண்டெய்னர் யார்டில் ஒவ்வொரு பெட்டிக் கதவிலும் சீல் இலக்கம் சரிபார்ப்பது என் வேலை. நாள் முழுக்க நடை. மூன்றாம் வாரம் விரல் கறுத்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றியதும் வந்த மணத்தில் மனைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏச்சு ஆஸ்பத்திரி வாசல் வரை நிற்கவேயில்லை.

வோர்ட்டில் என்னைப் பார்த்த டொக்டர் நல்ல மனிதர். பாதத்துக்கு ரத்தமே போகவில்லை, கிருமி மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு என்று என் தோளில் கையை வைத்தபடி சொன்னார். எனக்கு முதலில் நினைவு வந்தது எங்கள் வீட்டுப் படிகள்தான். ஒற்றைக் காலுடன் மேலே ஏறினால் பிறகு இறங்கவே மாட்டேன், ஜன்னலோரத்தில் ஒரு கதிரையில் காலம் முடிந்துவிடும் என்று தோன்றியது. ஆனாலும் கையெழுத்துப் போடும் கடதாசி வந்ததும் பேனையைக் கேட்டேன். டொக்டர்மார் சொன்னால் மறுபேச்சுப் பேசக்கூடாது என்று வளர்ந்த ஆள் நான். கேள்வி கேட்பதே அவர்களை அவமதிப்பது என்று நினைப்பேன்.

அந்த நேரத்தில்தான் புண்ணுக்கு மருந்து கட்ட ஒரு தாதி வந்தார். சிங்களப் பெண்மணி, நடுத்தர வயது. கட்டி முடித்துவிட்டு, என் மனைவியின் கையைப் பிடித்துத் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்:

“அக்கா, இப்ப சைன் பண்ண வேணாம். ரத்தக்குழாய் டொக்டர் ஒருத்தருக்கு காட்ட ஏலுமா எண்டு கேளுங்க. கேட்டா தப்பு இல்ல.”

எதற்கும் என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பவள் என் மனைவி. அன்று என் கையிலிருந்த பேனையைப் பறித்துக்கொண்டு, நேரே போய் டொக்டர் முன்னால் நின்றுவிட்டாள். பெரிய மனிதரோடு இவள் ஏன் மல்லுக்கு நிற்கிறாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. டொக்டரோ கோபிக்கவேயில்லை. சற்று யோசித்து, கிருமியை மருந்தால் ஓரிரு நாள் அடக்கிப் பார்க்கலாம், காட்டிப் பாருங்கள் என்று தானே கடிதம் எழுதித் தந்தார்.

ரத்தக்குழாய் டொக்டர் சாயம் ஏற்றிப் படம் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் என் காலை வரைந்து காட்டினார். முழங்காலை ஒட்டி அடைப்பு. ஆனால் கீழே பாதத்தில் ஒரு நல்ல குழாய் மிச்சமிருக்கிறது. தொடையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றிப் புதுப் பாதை போடலாம் என்றார். யார்டில் பாதை அடைபட்டால் லொறியை வேறு வழியால் திருப்பி அனுப்பும் ஆள் எனக்கு இது விளங்காதா? அவர் ஒளிக்கவும் இல்லை. இரண்டு விரல்கள் போகும். புதுப் பாதையும் அடைத்துக்கொண்டால் காலை எடுக்கத்தான் வேண்டும் என்றார்.

“மூண்டு மாடி ஏறுவனா டொக்டர்?” என்று மட்டும் கேட்டேன்.

“ஏறலாம். ஆனா செருப்பு இல்லாம ஒரு படியும் ஏறக் கூடாது.”

ஒப்பரேஷன் அன்று காலையில் தியேட்டருக்குக் கொண்டுபோனவர்கள் பின்னேரம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கண் விழித்தபோது, ஒருவர் என் பாதத்தின் மேல் பேனை மாதிரி ஒன்றை வைத்து, கையிலிருந்த சின்ன மெஷினைத் திருகிக்கொண்டிருந்தார். முதல் நாள் அதே இடத்தில் வைத்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. இப்போது ‘ஷூ... ஷூ...’ என்று ரத்தம் ஓடும் சத்தம் வோர்ட் முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். அதுவரை குளிர்ந்து கிடந்த என் பாதத்தை மனைவி தொட்டுப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, சுடுகுதப்பா” என்றாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். மெஷினை இன்னொரு தரம் வைக்கச் சொன்னாள். மூன்றாம் தரமும் கேட்டாள். அவரும் சலிக்காமல் வைத்துக் காட்டினார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்கள். எனக்குக் காலுக்கு வந்தது இரண்டு விரல்களோடு போனது. புண் ஆற மாதங்கள் எடுத்தது. வீட்டுக்கு ஏறிய அன்று ஒவ்வொரு மாடித் தட்டிலும் நின்று இளைப்பாறினேன். அயல் வீட்டார் கதவைத் திறந்து தேத்தண்ணீர் தந்தார்கள். மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம். இன்று யார்டில் மீண்டும் சீல் பார்க்கிறேன், கொஞ்சம் சாய்ந்த நடையுடன்.

அந்தத் தாதிக்கு நன்றி சொல்லப் பலகாரத்துடன் போனோம். அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

ரத்தம் திரும்பியது, உணர்ச்சி திரும்பவில்லை. அது திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால் தினமும் வேலையால் வந்து குளித்ததும், மனைவி என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறாள். தொடக்கத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது ஒரு நாள் பார்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. என் கால் நொந்தாலும் என்னிடம் சொல்லாது, அவளிடம்தான் சொல்லும். முன்பெல்லாம் அவளிடம் மறைத்த காலை இன்று நானே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.