எங்கள் தெருத் தண்ணீர் எங்கே போனது?

போகும்போது ஒரு தாள். திரும்பி வரும்போது பத்துத் தாள். போன இடத்தில் அதை ஒருவரும் படிக்கவில்லை. அது என்ன?

நிதானமாக யோசியுங்கள். ஆனால் புயலுக்குப் பிறகு உங்கள் தெருவிலும் தண்ணீர் நின்று, உங்களையும் ஒரு நலச்சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கியிருந்தால் யோசிக்கவே தேவையில்லை. விடை, மனு. செயலாளர் வேலை என்பது மனு எழுதுவது, அதை நகல் எடுப்பது, "நகலைக் காணோம், இன்னொன்று கொண்டுவாருங்கள்" என்று சொன்னால் நகலுக்கு நகல் எடுப்பது. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம் விளங்க வேண்டும். திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் கொன்றை நகர், மூன்றாம் தெரு. பதினான்கு வீடுகள். முதல் வீடு மெயின் ரோட்டை ஒட்டி மேட்டில் இருக்கிறது. உள்ளே போகப் போக நிலம் தாழும். கடைசியான பதினான்காம் எண் வீட்டில் அமுதாவும் அவளுடைய பத்து வயது மகள் யாழினியும் இருந்தார்கள். அமுதாவின் கணவர் இறப்பதற்கு முன்பு கட்டிய இரண்டு அறை வீடு அது. அமுதாவுக்குத் துணிக்கடையில் வேலை. வீட்டுக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய். போன வருடம் ஒரு விடுதிக்காரர், கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அந்தக் கால்வாயில் மண்ணைக் கொட்டி நிரவி, குறுக்கே மதிலும் கட்டிவிட்டார். நாங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் அவரவர் மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். புயல் மழை வந்தபோது, போக வழியில்லாத தண்ணீர் அமுதாவின் பின்சுவரைச் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தது.

படிக்கட்டில் ஒரு கூட்டம்

மூன்றாம் நாள் சங்கம் ஆரம்பித்தோம். தெருவில் முழங்கால் தண்ணீர் என்பதால், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் நடராஜன் வீட்டு மாடிப்படியில் கூட்டம். படி அவருடையது என்பதால் அவர் தலைவர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதால் நான் செயலாளர். மேட்டு வீட்டுக்காரர்கள் மேல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அமுதா கீழே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை.

அமுதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கால்வாயத் தொறந்து விட்டுட்டீங்கன்னா போதுங்க. இன்னொரு வாட்டி வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா, வித்தாலும் சரி விட்டாலும் சரி, பாப்பாவக் கூட்டிக்கினு கீழ்பென்னாத்தூருக்கு எங்க அண்ணன் வூட்டுக்கே போயிடுவேன்." உடனே தீர்மானம் எழுதினேன்: கால்வாயைத் திறப்பது. எல்லோரும் கை தூக்கினார்கள். நடராஜன் மேல்படியில் இருந்து எழுந்து நின்று சொன்னார்: "உன்ன அப்படி விட்டுடுவோமாம்மா? அதான் சங்கம் இருக்குது இல்ல!"

மோட்டார்

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்காது. தீபத் திருவிழா வந்தால் எங்கள் ஊரில் ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குக்கூட ஆள் தேடி வரும். எங்கள் தெருவிலும் முதல் ஆறு வீடுகளில் மாடி அறைகளை வாடகைக்கு விடுவார்கள். மாதக்கணக்கில் முன்பே பேசி வைத்திருப்பார்கள். புயல் அடித்தது தீபத்துக்குச் சில நாட்கள் முன்னால். எனவே சங்கத்தின் முதல் காரியமாக ஒரு தண்ணீர் மோட்டார் வாடகைக்கு வந்தது. நானும் மகிழ்ந்தேன். அன்று பகல் முழுவதும் மனுவோடு அரசு அலுவலகத்தில் நின்றுவிட்டுத் திரும்பினால், தெருவின் முன்பாதி காய்ந்து கிடந்தது.

குழாயின் மறுமுனை எங்கே என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். அது பதினோராம் வீட்டு வாசலில் கிடந்தது. ஆறு வீட்டுத் தண்ணீரும் பள்ளத்து வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாழினி தினமும் காலையும் மாலையும் தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவந்தாள். இரண்டு நாளாக இறங்கிவந்த கோடு அன்று மாலை ஒரு சாண் ஏறியிருந்தது. மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்த ஐந்தாம் எண் வீட்டுக் குமாரிடம் போய்ச் சத்தம் போட்டேன். செல்போன் கடை வைத்திருப்பவர், எப்போதும் மரியாதையாகப் பேசுபவர். அன்றும் மரியாதையாகவே பேசினார்: "இன்னா சார் நீங்க, ரோட்டுக்கா வுட முடியும்? கெஸ்ட்டுங்க வர்ற வழி சார் அது."

கட்டைவிரல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு வாருங்கள், நாமே கால்வாயை வெட்டுவோம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பெங்களூருக்குக் குடிபோய் இரண்டு வருடமான ஒன்பதாம் எண்காரர்கூடக் காட்டினார். ஆறு மணிக்கு வந்தவர்கள் மூன்று பேர்: அமுதா, நடராஜன், நான். மற்றவர்கள் தூங்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குமார் வீட்டு வாசலில் பத்துப் பேர் விடிவதற்கு முன்பே எழுந்து, கிரிவலம் வருகிறவர்களுக்கு அன்னதானம் போடக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத ஆயிரம் பேருக்குச் சாம்பார் சாதம் கிளற அவர்களுக்குக் கை வலிக்கவில்லை. ஒன்பது வீடு தள்ளி மண்வெட்டி பிடிக்க மட்டும் வரவில்லை.

மூன்று பேருமாகப் பத்து மணி வரை வெட்டிப் போய் மதிலில் முட்டினோம். விடுதி மேனேஜர் வெளியே வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். நாங்கள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, சிரித்தபடியே சொன்னார்: "உங்க பக்கம் எவ்வளவு ஆழம் வேணும்னாலும் வெட்டிக்கோங்க சார். மதிலு மேல மட்டும் கை வெக்காதீங்க."

தீபம் முடியட்டும்

மதிலை எடுக்க அலுவலகம்தான் ஆள் அனுப்ப வேண்டும். போனேன். முதல் மேசையில் "தீபம் முடியட்டும்" என்றார்கள். இரண்டாவது மேசையிலும் அதே பதில். மூன்றாவது மேசையில் மனுவை வாங்கி, அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, "தீபம் முடியட்டும்" என்றார்கள். ஆட்கள், லாரிகள், மோட்டார்கள் எல்லாம் கிரிவலப் பாதையில் நிற்கின்றன. நிற்கட்டும். லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கிற பாதை சுத்தமாக இருக்க வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அங்கே நிற்கிற அத்தனை ஆட்களில் நாலே பேரை அரை நாள் அனுப்பினால் ஒரு மதில் இடிந்துவிடும், ஒரு வீடு பிழைத்துவிடும் என்றுதான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் நடுங்கியது. எதிரில் இருந்தவர் அதை வயது என்று நினைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

தீபம் முடிந்த மறுநாளே போய் நின்றேன். அதே மேசை, அதே பாட்டில். "தீபம் முடிந்துவிட்டதே" என்றேன். அந்த ஊழியர் என்னை உண்மையாகவே பரிதாபமாகப் பார்த்தார்: "தீபம் முடிஞ்சா தெப்பம் சார். தெப்பம் முடிஞ்சா அடுத்த பௌர்ணமி வந்துடும். இந்த ஊர்லயே இருந்துக்கினு இதுகூடத் தெரியலியா உங்களுக்கு?"

கோலம்

இது என் தப்பு. மறைக்கப்போவதில்லை.

மார்கழி பிறந்ததும் ஒரு நாள், மறுநாள் காலை அதிகாரி நேரில் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. ஜீப் கடைசி வீடு வரை போக வேண்டும், வழியில் குப்பை கிடக்கக் கூடாது என்று நினைத்து, "அவரவர் வாசலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்" என்று குழுவில் எழுதினேன். நம் ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மண்வெட்டி பிடிக்க மூன்று பேர் வந்த தெருவில், அதிகாரி வருகிறார் என்றதும் வீட்டுக்கு இரண்டு பேர் இறங்கினார்கள். ஊறிப்போன மெத்தைகள், உப்பிய கதவுகள், சேறு, உடைந்த செங்கல் என்று எங்கள் சேதத்துக்குச் சாட்சியாகத் தெருவில் கிடந்த அத்தனையையும் டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரில் கோடு. முதல் வீட்டில் இருந்து ஆறாம் வீடு வரை வண்ணக் கோலம். நடுவில் பூசணிப் பூ.

அமுதா, விழுந்த பின்சுவருக்குப் பதிலாகக் கட்டியிருந்த தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு, நனைந்த பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் கட்டில்மேல் பரப்பிக் காத்திருந்தாள். "வீட்டுக்கே வருவார், நீ இங்கேயே இரு" என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஜீப் வந்தது. கோலத்தின்மேல் வண்டியை ஏற்ற டிரைவருக்கு மனம் வரவில்லை. அதிகாரி இறங்கி, கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நாலு வீடு நடந்தார். "இன்னும் உள்ளே, சார், கடைசி வீடு" என்று நான் கை காட்டியபோது, அவர் செல்போனில் கோலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அமுதா விஷயம் தெரிந்து ஓடிவருவதற்குள் ஜீப் பின்னாலேயே போய் ரோட்டில் ஏறிவிட்டது. ஜீப்பில் ஏறுவதற்கு முன் அவர் என் கையைக் குலுக்கிச் சொன்னது: "நான் பாத்த வரைக்கும் நல்லா மெயின்டெயின் பண்ற தெரு உங்களுதுதான் சார்."

பதில்

ஏழு மனுக்களுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது. "மேற்படி தெருவை நேரில் தணிக்கை செய்ததில் நீர்த்தேக்கம் ஏதும் காணப்படவில்லை. இயல்பு நிலை நிலவுகிறது. மனு முடித்துவைக்கப்படுகிறது. புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது." புகைப்படத்தில் எங்கள் கோலம். மூலையில், கைநீட்டியபடி நிற்கும் நான். தொலைவில் இருக்கும் கடைசி வீட்டைக் காட்டுகிற கை அது. பார்க்கிறவர்களுக்குக் கோலத்தைப் பெருமையோடு காட்டுகிற மாதிரிதான் தெரியும்.

குழுவில் அந்தப் பதிலைப் போட்டேன். நாலு கட்டைவிரல் வந்தது. யாரும் படிக்கவில்லை என்று புரிந்துகொண்டு தாளை எடுத்துக்கொண்டு அமுதாவிடம் போனேன். சொல்லாமல் இருக்கலாமா என்றுகூட வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். அவள் முழுவதும் படித்தாள். புகைப்படத்தையும் பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். தாளை நாலாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "கோலம் நல்லாகீது சார். யாரு போட்டது?"

சாமான் ஏற்றிய நாள்

பிறகு வந்தது புயல் இல்லை. ஒரு பிற்பகலில் பெய்த சாதாரண மழை. போன முறை மாதிரியே கால்வாயில் ஓடி, மதிலில் முட்டித் திரும்பி, தார்ப்பாய்க்கு அடியில் புகுந்தது. அமுதா படிக்கட்டுக்கு வந்து நிற்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் காலை கீழ்பென்னாத்தூரில் இருந்து அவள் அண்ணன் ஒரு வேனோடு வந்தார்.

சாமான் ஏற்ற தெருவே வந்தது. குமார் பீரோவை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கினார். ஆறு வீட்டுப் பெண்கள் பாத்திரம் துடைத்துக் கட்டினார்கள். ஒருத்தி வழிக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள். இத்தனை கைகளையும் ஒன்றாகப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம், அலுவலகத்தில் வந்ததைவிட ஜாஸ்தி.

வருஷப் பரீட்சை வரைக்கும் பிள்ளை எங்களோடு இருக்கட்டும், பள்ளிக்கூடம் பக்கத்தில்தானே என்று என் மனைவி கேட்டாள். அமுதா, "அவளையே கேளுங்கக்கா" என்றாள். "இங்கயே இரு பாப்பா. அடுத்த மழைக்குள்ள மதில எடுத்துடுவோம்" என்றார் நடராஜன். யாழினி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கையில் சங்கத்தின் நோட்டு இருந்தது, ஏன் எடுத்துப்போனேன் என்று தெரியவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றேன். அவள் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்: "நான் அம்மாகூடப் போறேன் தாத்தா."

அந்த நோட்டில் எல்லோரும் கை தூக்கி நிறைவேற்றிய தீர்மானங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எங்கள் தெருவில் சொன்னபடி நடந்தது ஒன்றே ஒன்றுதான், யாழினி கீழ்பென்னாத்தூருக்குப் போகிறேன் என்றாள், போய்விட்டாள்.