பிஸ்கெட் தின்ற ஊதாப்பூ

தோரா பெக்ஸ்டெட் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாளும் மெனு அட்டையைத் திறந்ததில்லை. உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்து மேசைகளை ஒரு சுற்று நோட்டம் விடுவார். யார் முகம் மலர மென்றுகொண்டிருக்கிறார்களோ அவர் தட்டைக் காட்டி, "அதுல எனக்கும் ஒண்ணு" என்பார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறை, கண்ணீர் வழிய ரசித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு லாரி டிரைவரின் கிண்ணத்தைக் காட்டிவிட்டு, அந்த மிளகாய்க் காரத்தில் அவரும் அழுதார். "மாடுங்க இப்படித்தான் சாப்பிடுது. அதுங்க என்ன கெட்டா போச்சு?" என்பது அவர் சமாதானம்.

மாடுகள் எப்படிச் சாப்பிடுகின்றன என்பது தோராவுக்குத் தெரியும், அதுதான் அவர் பிழைப்பு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் எங்கள் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் ஒரு விஷச்செடி ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோரா அங்கே களப் பணியாளர். ஒரு மாட்டைத் தேர்ந்தெடுத்து, நாள் முழுக்க அதன் பின்னாலேயே நடந்து, அது எந்தச் செடியில் எத்தனை வாய் கடித்தது என்று எண்ணுவார். அவரும் என் அப்பா ஓர்வல் டோல்மனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். "மாடு திங்கறத வேடிக்கை பார்க்க அரசாங்கம் இவளுக்குச் சம்பளம் குடுக்குது. நான் அதுக்குத் தீவனம் வாங்கிப் போட்டு ஓசியில பார்க்கறேன்" என்று அப்பா சொல்லாத வருடமில்லை.

ஜூலையில் எங்கள் மலைச் சரிவுகளில் ஆள் உயரத்துக்கு ஒரு ஊதாப்பூச் செடி எழும்பி நிற்கும். புத்தகத்தில் அதற்கு லார்க்ஸ்பர் என்று பெயர். எங்கள் ஊரில் வெறுமனே 'விஷம்'. அதை நிறையத் தின்ற மாட்டுக்கு முதலில் கால் தள்ளாடும், பிறகு மூச்சு விடும் தசைகளே வேலைநிறுத்தம் செய்துவிடும். ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டு மாடு போகும். அதற்குப் பயந்து, பூ காயும்வரை நல்ல மேய்ச்சல் நிலத்தை எல்லாம் பூட்டி வைப்போம். பூ காய்கிறபோது புல்லும் காய்ந்திருக்கும்.

இதற்கு நிலையத்தில் ஒரு வழி கண்டிருந்தார்கள். மாட்டுக்குப் பாடம் நடத்துவது. மலைக்கு ஓட்டுவதற்கு முன் கிடாரிகளுக்கு ஊதாச் செடியைக் கொஞ்சம் வெட்டிப் போடுவார்கள். தின்று முடித்ததும் குழாய் வழியாக வயிற்றைப் புரட்டுகிற ஓர் உப்பைக் கொடுப்பார்கள். ஒரு நாள் முழுக்கக் குமட்டிக்கொண்டு கிடக்கும். குற்றத்தைப் பூவின் மேல் போட்டுவிட்டு, அப்புறம் ஜென்மத்துக்கும் அதன் பக்கம் திரும்பாது. நிலையத்துக்குச் சொந்தமாக மாடு குறைவு. ஆகவே தோரா வீடு வீடாக ஏறி இறங்கி, தன் வாக்கை மட்டும் அடகு வைத்து, நாற்பது கிடாரிகளை இரவல் வாங்கியிருந்தார். இரண்டு கோடை அவை ஊதாச் சரிவுகளில் ஒரு பூவைக்கூடத் தொடாமல் மேய்ந்தன. மூன்றாவது கோடையும் ஒன்றுகூடச் சாகாமல் கடந்தால் பூட்டிய நிலங்களைத் திறந்துவிடுவதாக மேய்ச்சல் சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. ஒன்று செத்தாலும் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு தோராவின் பேச்சை நம்பி யாரும் ஒரு கோழியைக்கூட இரவல் தரமாட்டார்கள்.

அந்த மூன்றாவது கோடையில்தான் நான் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். வாங்கிய பட்டத்தை வைத்து என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, வீட்டில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. அதனால் டிராக்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிஸ்கெட் என்பது எங்கள் பசு. தாய் செத்துப்போனதால் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. புட்டியில் வளர்ந்த மாட்டுக்கு எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அப்பாவின் தொப்பி, அஞ்சல்காரரின் கையுறை, நான் பட்டமளிப்புக்குப் போட்ட தொப்பியின் குஞ்சம் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போயிருந்தன. அது ஒரு நாள் வேலி தாண்டி, மலை ஏறி, சாயங்காலம் தோராவின் மந்தை வாசலில் போய் நின்று கத்தியது.

அந்த வாசலில் 'வெளி மாடு உள்ளே வரக்கூடாது' என்று ஒரு பலகை தொங்கியது. எழுதியவர் தோராதான். ஆனால் வழி தவறி வந்த பக்கத்துப் பண்ணை மாட்டை உள்ளே விட்டு, தண்ணீர் காட்டி, உடையவருக்குப் போன் போடுவது எங்கள் பக்கத்து மரியாதை. துரத்திவிட்டவர்களைப் பற்றி இரண்டு தலைமுறை பேசுவார்கள். பலகையை எழுதிய கை, யோசிக்காமல் கதவைத் திறந்துவிட்டது. சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி அப்பாவுக்குப் போன் போட்டார். தீவனப் புல் அறுவடை நேரம், அவசரமில்லை, காலையில் மகளை அனுப்புகிறேன் என்றார் அப்பா.

காலையில் நான் பிக்கப்பின் பின்னால் மாடு ஏற்றும் வண்டியை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பிஸ்கெட் ஊதாப்பூக்களுக்கு நடுவே மார்பளவு நின்று, கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தவரைப் போல் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. சுற்றி வளையமாக நாற்பது கிடாரிகள். எல்லாம் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. 'இதைத் தின்றால் வயிறு வலிக்கும் என்றார்களே, இவள் இப்படி ரசிக்கிறாளே' என்பது போல ஒரு முகபாவம். காதில் இருபத்தாறாம் எண் தொங்கிய கிடாரி கழுத்தை நீட்டி, நாக்கை நீட்டி, ஒரு பூவைச் சுருட்டி இழுத்தது.

தோரா ஜீப் பக்கத்தில் நின்றிருந்தார். "கதவைத் திறந்தவ நான். நான்தான் திறந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பக்கத்தில் டாக்டர் கிளென் ஹமாடா நின்றார். நிலையத்தின் கால்நடை மருத்துவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிழங்கு விவசாயம் செய்த குடும்பம். எதற்கும் பதறாத மனிதர். "யாரும் ஓடாதீங்க. விஷம் தின்ன மாடு ஓடினா அங்கேயே விழுந்துடும். சர்ச்சுக்குள்ள லேட்டா போறவங்க மாதிரி நடங்க" என்றார்.

இப்படியாக உலகத்தின் மிக மெதுவான மாடு துரத்தல் தொடங்கியது. நானும் டாக்டரும் இரண்டு பக்கமும் கைகளைப் பரப்பிக்கொண்டு, பூனை நடை போட்டோம். "ராஜாத்தி, தங்கம், என் பட்டத்தைத் தின்ன கழுதை" என்று நான் தேன் குரலில் கூப்பிட்டேன். பிஸ்கெட் எங்களைப் பார்த்தபடியே இன்னொரு வாய் கடித்தது.

கிடாரிகளை யார் கலைப்பது? அவை விஷம் தின்னவில்லை, இருபத்தாறு ஒரு வாயோடு சரி. அவை ஓடலாம். தோரா ஜீப்பிலிருந்து, மாடு நக்குகிற சாதா உப்பு மூட்டையைத் தோளில் தூக்கி, மூலையைக் கிழித்துவிட்டு, சரிவில் இறங்கி ஓடத் தொடங்கினார். அறுபதை நெருங்கிய பெண்மணி, முழங்கால் வரை பூட்ஸ், தோளிலிருந்து உப்பு கொட்டிக்கொண்டே வருகிறது. உப்பைக் கண்டால் கிடாரிகளுக்குக் கண் தெரியாது. நாற்பதும் வாலைத் தூக்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தன. தோரா ஓடை தாண்டினார், கிடாரிகள் தாண்டின. தோரா விழுந்து எழுந்தார், கிடாரிகள் அவர் தொப்பியை நக்கின. கீழே சமவெளிக்குப் போய்ச் சேரும்வரை அவர் கத்தினாரா சிரித்தாரா என்று மேலிருந்து எங்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹமாடா என்ற பதறாத மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்ததைப் பார்த்து பிஸ்கெட்டும் உட்கார்ந்தது. சிரிப்பு நின்றது. மாடு உட்கார்ந்தது விருப்பப்பட்டு அல்ல. கால்கள் நடுங்கின. தலை சரிவுக்குக் கீழ்ப்பக்கமாக இருந்தது. அப்படியே விட்டால் வயிறு உப்பி, நெஞ்சை அழுத்தி, மூச்சை நிறுத்திவிடும் என்றார் டாக்டர். உப்பு தடவிய தோரா மூச்சிரைக்க மேலே வந்து சேர, மூன்று பேரும் அதன் தலையை மேட்டுப் பக்கம் திருப்பினோம். தோள் கொடுத்துத் தள்ளினோம், வாலைப் பிடித்து இழுத்தோம், மாட்டுக்குப் பதில் நாங்கள் சறுக்கினோம். கடைசியில் அது நெஞ்சை ஊன்றி நேராக உட்கார்ந்தது. டாக்டர் ஊசி போட்டார். "இது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். தேவைப்பட்டா இன்னொண்ணு" என்றார். தோரா அதன் விலாவில் முதுகைச் சாய்த்து முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு பிஸ்கெட் ஓர் ஏப்பம் விட்டது. நீளமான, உருண்ட, பூவாசம் வீசும் ஏப்பம். அடைத்த வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். நான் கேட்ட எந்த வாத்தியமும் அதற்கு ஈடில்லை.

ஆனால் சிக்கல் தீரவில்லை. அதை உடனே வண்டியில் ஏற்றினால் அந்த மிரட்சியிலேயே உயிர் போகலாம். ஒரு நாளாவது அங்கேயே இருக்க வேண்டும். இருந்தால் நாளைக்கும் தின்னும், இந்த விஷம் காலை வாருமே தவிர வயிற்றைக் குமட்டாது. கிடாரிகள் திரும்பி வந்து பார்க்கும். பார்த்தால் இரண்டு வருடப் பாடம் ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும். ஒரே வழி, பிஸ்கெட்டுக்கும் அந்தக் குமட்டல் உப்பைக் கொடுத்துப் பாடம் நடத்துவது. அதன் இடுப்பில் எங்கள் பண்ணையின் சூட்டுக்குறி இருந்தது. இன்னொருவர் குறி போட்ட மாட்டுக்கு, கேட்காமல் ஒரு சொட்டு மருந்து கொடுத்தாலும் எங்கள் ஊரில் அது திருட்டுக்குச் சமம்.

தோரா மேட்டில் ஏறி அப்பாவைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஓர்வல், உன் மாட்டுக்கு வயித்தக் கலக்கற உப்புக் குடுக்கணும். சம்மதமா?"

"ஏன், என்ன பண்ணிச்சு அது?"

"என் நாப்பது பிள்ளைகளுக்குக் கெட்ட பழக்கம் கத்துக்குடுத்துடுச்சு. தப்பு என்னுது. கதவ நான்தான் திறந்தேன்."

அந்தப் பக்கம் அறுவடை இயந்திரத்தின் சத்தம் அடங்கியது.

"சும்மா ஒண்ணும் தர்றதில்ல நான்" என்றார் அப்பா. "அடுத்த வசந்தத்துல, கன்னுக்குட்டிக்குச் சூடு போடற அன்னிக்கு, எங்க பண்ணைக்கு வா. பின்னங்கால் பிடிக்க ஆள் வேணும்."

சூடு போடுகிற நாள் எங்கள் பள்ளத்தாக்கில் மாற்றுக் கை. நீ என் வீட்டுக்கு வந்தால் நான் உன் வீட்டுக்கு வருவேன். தோராவுக்குச் சொந்தமாக ஒரு மாடும் இல்லை. அதனால் அவர் யாருக்கும் கை தரவேண்டியதில்லை, அவருக்கும் யாரும் தரவேண்டியதில்லை. வருடா வருடம் அந்தக் காலையில் நிலையத்து ஜீப்பில் எங்கள் வேலியோரமாக, கையை ஆட்டிவிட்டுப் போவார். அவர் நிறுத்தியதில்லை, நாங்களும் நிறுத்தச் சொன்னதில்லை.

"எங்கிட்டதான் மாடே இல்லையே, ஓர்வல்."

"மாட்டையா கூப்பிட்டேன்? உன்னத்தான கூப்பிட்டேன்."

"சரி, வரேன்" என்றார் தோரா. போன் அதற்குள் கையில் தலைகீழாகத் திரும்பியிருந்ததால் அவர் அதை இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

பிஸ்கெட் எழுந்து நின்றதும் குமட்டல் உப்பைக் கொடுத்தோம். இருபத்தாறாம் எண்ணுக்கும் இன்னொரு தரம். இரண்டும் அன்று முழுக்கத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உலகத்தின் மேல் கோபமாக நின்றன. மறுநாள் காலை டாக்டர் பிஸ்கெட்டைக் கயிற்றில் பிடித்து, ஊதாப்பூப் புதருக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். கிடாரிகள் வட்டமாகக் கூடின.

பிஸ்கெட் பூவை முகர்ந்தது. காது பின்னால் போனது. மூக்கால் ஓர் அதட்டல் போட்டுவிட்டு, அவமானப்பட்டவர் பந்தியிலிருந்து எழுந்து போவதைப் போல் திரும்பி நடந்தது. ஒரு நிமிடம் எதுவும் அசையவில்லை. பிறகு இருபத்தாறு திரும்பியது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மீதி முப்பத்தொன்பதும் திரும்பி, புல்லில் வாயை வைத்தன.

தோரா டாக்டரின் கையைப் பிடித்து இழுத்து ஒரு சுற்று சுற்றினார், அப்புறம் என்னை. நான் பிஸ்கெட்டைச் சுற்ற முயன்றேன், அது சம்மதிக்கவில்லை. சாணத்தில் வழுக்கி மூன்று பேரும் ஒரே குவியலாக விழுந்தோம், எழவும் மனமில்லை. வானம் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் யாரோ ருசித்துத் தின்றதைப் பார்த்துத்தான் கல்லூரிக்குப் போனேனோ என்று அந்தக் குவியலில் கிடந்தபடி தோன்றியது. இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. அப்போது சிரிப்புதான் வந்தது.

அந்தக் கோடையில் ஒரு கிடாரியும் சாகவில்லை. சங்கம் நிலங்களைத் திறந்தது. செய்தி பரவி, பக்கத்து மாநிலங்களான மொன்டானாவிலிருந்தும் வயோமிங்கிலிருந்தும் ஆட்கள் தோராவைக் கேட்டார்கள், எங்கள் மாட்டுக்கும் பாடம் நடத்து என்று. பாடத்தை மந்தை மலைக்குப் போகும் முன் வசந்தத்தில் முடித்தாக வேண்டும். சூடு போடும் நாட்களும் அப்போதுதான். முதல் வருடம் தோரா போன் போட்டு, அடுத்த வருஷம் நிச்சயம் என்றார். இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் அதையே சொன்னார். "ஊர் உலகத்து மாட்டுக்கெல்லாம் நேரம் இருக்கு, எனக்கு ஒரு நாள் இல்ல" என்று அப்பா கத்துவார். மறுமுனையில் தோரா சிரிப்பது எனக்குக் கேட்கும். அப்படித் திட்டு வாங்குவது அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

போன குளிர்காலத்தில், தூக்கத்தில், தோரா இறந்துபோனார்.

இந்த வசந்தத்தில் சூடு போடும் காலையில் அப்பா வழக்கம்போல் வேலி மேல் ஏறி நின்று, யாருக்கு என்ன வேலை என்று பெயர் சொன்னார். பின்னங்கால் பிடிக்க தோரா என்றார். எல்லோரும் கீழே பார்த்தார்கள். நான் பக்கத்தில் போய், அந்தக் கணக்கை இனி விட்டுவிடலாமே அப்பா என்றேன்.

"அதெப்படி விடறது?" என்றார் அப்பா. "எனக்கு ஒரு நாள் தரணும் அவ."

பிறகு அந்த இடத்துக்கு வேறு யாரையும் சொல்லாமல் இறங்கிவிட்டார். அன்று முழுக்க ஓர் ஆள் குறைவாகவே வேலை செய்தோம்.