ஆலா வீட்டுக் கூரை

வடகடலில் இருக்கும் எங்கள் ஹெய்மே தீவில் காபி ஆறுவதற்குள் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். எரிமலை வெடித்த வருஷம், மேட்டு வீட்டு பெர்குர் சாம்பலுக்குள் புதைந்த தன் வீட்டைத் தோண்டப் போனானாம். தோண்டித் தோண்டி, கடைசியில் பக்கத்து வீட்டை வெளியே எடுத்துவிட்டானாம். சொந்த வீட்டு முகடு தெரியாத மனுஷன்! இதை மீன் ஏலத்தில் சொன்னாலும் சிரிப்பார்கள், சாவு வீட்டில் சொன்னாலும் சிரிப்பார்கள்.

நடந்தது வேறு. கேளுங்கள்.

எங்கள் தீவில் ஆளின் பெயர் வீட்டோடு ஒட்டியது. மேட்டு வீட்டு பெர்குர், பக்கத்திலேயே ஆலா என்ற கடல்பறவையின் பெயர் வைத்த ஆலா வீட்டு ஜோருன். வீடு போனால் பெயரில் பாதி போனமாதிரி. பெர்குர் படகு இன்ஜின் பழுது பார்ப்பவன், கல்யாணம் ஆகாதவன். ஜோருனின் புருஷனைக் கடல் எப்போதோ கொண்டுபோயிருந்தது. அவள் மீன் அறுக்கும் வேலைக்குப் போனாள். கத்தியைவிட அவள் நாக்குக்குத்தான் கூர் அதிகம். பெர்குரின் கொட்டகை நிழல் புளிப்புத் தண்டுக்காக அவள் வளர்த்த ருபார்ப் செடிகள்மேல் விழுந்தது. தீவில் வெயிலே அரிது, அதையும் இவன் மறைக்கிறான் என்று வருஷக்கணக்காய்ச் சண்டை. காலையில் அவள் ஜன்னலைத் திறந்து திட்டினால்தான் அவனுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

அந்த ஜனவரி ராத்திரி, ஊரின் கிழக்கு ஓரத்தில் மேய்ச்சல் நிலம் தையல் விட்ட சட்டைபோலப் பிளந்தது. உள்ளேயிருந்து நெருப்பு எழுந்து நின்று எரிந்தது. முந்தின நாள் புயலுக்குப் பயந்து படகெல்லாம் துறைமுகத்திலேயே கிடந்ததால் ஊர் தப்பித்தது. ஜோருன் சுவர்க் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகில் ஏறினாள்.

"உன் கொட்டகைய இந்த மலையாவது தின்னுட்டுப் போகட்டும்டா!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"உன் ருபார்ப்பத்தான் மொதல்ல தின்னும், போ!" என்றான் இவன்.

ஊரைக் காக்க நின்ற ஆண்களோடு அவனும் நின்றான். ஜன்னல்களுக்குத் தகரம் அடித்தார்கள், கூரைகளிலிருந்து சாம்பலைத் தள்ளினார்கள். தள்ளத் தள்ள வானம் இன்னும் கொட்டியது. தெருவெல்லாம் கறுப்பு. எல்லாம் இருந்தது, அவனைத் திட்டுவதற்குத்தான் ஆளில்லை.

ஒருநாள் துறைமுக ஆபீஸுக்குப் போன் வந்தது. தலைநகரில் தங்கை வீட்டிலிருந்து ஜோருன்.

"பெர்குரு, யாரக் கேட்டாலும் ஆறுதல் சொல்றானுங்க. நீ என் எதிரி, நீ பொய் சொல்லமாட்ட. என் வீடு நிக்குதா?"

அவன் அந்தத் தெருப்பக்கம் போயே பல நாளாகியிருந்தது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"நிக்குது."

"கூரையோடயா?"

"கூரை இல்லாம நின்னா அதுக்குப் பேரு குட்டிச்சுவரு."

"சரி. இங்க பிஸ்கட் கம்பெனியில வேலைக்குக் கூப்பிடுறாங்க. விழுந்துபோச்சுன்னு நீ சொல்லியிருந்தா சேர்ந்திருப்பேன், அங்க திரும்பியே வந்திருக்கமாட்டேன். வேணாம்னு சொல்லிடுறேன்."

போனை வைத்துவிட்டு ஓட்டமாய் ஓடினான். தெருக்கோடியில் இரண்டு புகைபோக்கிகள் மட்டும் சாம்பலுக்கு மேலே எட்டிப் பார்த்தன. அடியில் இரண்டு வீட்டு உத்திரங்களும் முனகிக்கொண்டிருந்தன. கூரை இரண்டு, மண்வெட்டி ஒன்று. ஆலா வீட்டின் மேல் ஏறினான்.

மறுநாள் அந்த வழியாய் வந்த கெஸ்டுர், மீன்பிடிப் படகுக்காரன், நின்று பார்த்தான்.

"டேய், கண்ணு அவிஞ்சு போச்சா? அது ஜோருன் வீடு. உன்னுது இந்தாண்ட!"

பெர்குர் நிமிர்ந்து இரண்டு புகைபோக்கிகளையும் பார்த்தான்.

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து வாரினான்.

அது போதாதா கெஸ்டுருக்கு? சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கச் சிரித்தது. பெர்குரின் கூரை உட்கார்ந்த அன்றைக்கு, கிழட்டு மாடு படுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான், மூக்கைத் துடைத்தான், வேலையைத் தொடர்ந்தான்.

கோடையில் மலை அடங்கியது. ஜோருன் கடிகாரத்தோடு திரும்பி வந்தாள். வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள், பிறகு பக்கத்துக் கறுப்பு மேட்டைப் பார்த்தாள்.

"உன் வீடு எங்கடா?"

"அடியில."

"கொட்டகை?"

"அதுவும்தான்."

"நல்லது," என்றாள். குரல் மட்டும் நல்லதாக இல்லை. கோப்பைகளில் சாம்பலைக் கழுவிவிட்டுக் காபி வைத்தாள். "மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு. பூட்ஸக் கழட்டிட்டு ஏறு."

அன்றிலிருந்து அவன் ஆலா வீட்டு பெர்குர். சூடு ஆறாத சாம்பலில் காலிப் பால் டப்பாவில் ரை தானிய மாவை அடைத்துப் புதைத்து இருவரும் கறுப்பு ரொட்டி சுடுவார்கள். அது வேகும்வரை குளிர்ந்த எரிமலைக் கல்மேல் நடப்பார்கள். "இதுக்கு நேர் கீழதான் பேக்கரி. ஏலக்காய் வாசம் இங்கயே வரும்" என்பாள் அவள். "இல்ல, இது பாதிரி வீட்டுத் துணிக்கொடி. பேக்கரி இன்னும் நாலு எட்டு தள்ளி" என்பான் அவன். பூமிக்கடியில் கிடக்கும் தெருவுக்காகவும் சண்டை.

அதனால்தான் சொல்கிறேன், அது தவறு அல்ல, காதல். போன மாதம் ஜோருனின் சமையலறையில் வைத்து இதை அவனிடமே சொன்னபோது, பெர்குர் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"தப்பாத் தோண்டினேன்னு எவன்டா சொன்னது? எது யாரு வீடுன்னு எனக்குத் தெரியாதா? காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. நிக்குதுன்னு போன்ல சொல்லித் தொலைச்சிட்டேன். இவகிட்டப் பொய்யன்னு பேரு வாங்குறதுக்கு எரிமலைகிட்ட வீட்டக் குடுத்துறலாம்."