கடைத் தோட்டா ஒரு பெட்டி

சுட்டுத் தீர்ந்த உறையில் வீட்டிலேயே மறுபடி தோட்டா அடைப்பதற்கு ரீலோடிங் என்று பெயர். என் ரீலோடிங் நோட்டில் ஒரு பக்கத்துக்குப் பத்துக் கட்டங்கள். வெடிமருந்தின் எடை, குண்டின் எடை, தோட்டாவின் மொத்த நீளம், பித்தளை உறை எத்தனையாவது தடவை பயன்படுகிறது, வெயில், காற்று என்று வரிசையாகப் போகும். கடைசிக் கட்டத்தில், நூறு கஜத்தில் சுட்ட ஐந்து துளைகளில் அதிகம் விலகிய இரண்டுக்கும் இடையே உள்ள தூரம். காலிப்பர் வைத்து அளந்துதான் எழுதுவேன். ஒரு துளை தள்ளிப் போய்விட்டால் அதை விட்டுவிட்டு மீதி நான்கை அளப்பவர்கள் நாங்கள் சுடப் போகும் ரேஞ்சில் உண்டு. நான் அப்படிச் செய்ததில்லை.

எனக்கு வீடு டெக்சஸில், ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில். வேலை ஒரு கெமிக்கல் ஆலையின் லேபில், தரச் சோதனை. வேட்டைக்குப் போகிறவன் இல்லை, கறியே சாப்பிடுவதில்லை. ஒரே துப்பாக்கி, ஒரே ஒரு மாற்றம், அதற்கு என்ன விளைவு என்று பார்ப்பதில் ஒரு நிம்மதி இருந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடம் அந்தக் கடைசிக் கட்டத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் எதுவும் எழுதவில்லை. ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு அது நல்ல கணக்கு.

போன வருடம் வெயில் இறங்கியபோது அது ஒன்றேகால் ஆனது. பிறகு ஒன்றரை. தீபாவளி வாக்கில் இரண்டைத் தாண்டிவிட்டது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணனுக்கு ஆறு வருடமாகப் பார்க்கின்சன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசும்போது காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். கடைசிக் காலத்தில் அப்பாவுக்கும் கை ஆடியது. வயசு என்று சொல்லிவிட்டோம். அதனால் எனக்குத் தோட்டாவில் குற்றம் இருந்தே ஆகவேண்டியிருந்தது.

தேடினேன். முதல் மாதம் வெடிமருந்தின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்தேன். அடுத்த மாதம் குண்டை மாற்றினேன். இந்த வகைத் துப்பாக்கி ஒவ்வொரு வெடிக்கும் பிறகு அடுத்த தோட்டாவைத் தானே, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினிலிருந்து இழுத்து அறைக்குள் மோதித் தள்ளும். அந்த மோதலில் குண்டு உறைக்குள் அமுங்குகிறதோ என்று இருபது தோட்டாக்களை உள்ளே அனுப்பி, சுடாமல் வெளியே எடுத்து அளந்தேன். ஒன்றும் அமுங்கவில்லை. குறி பார்க்கும் ஸ்கோப்பின் திருகுகளை முறுக்கினேன். குழாய் ஆறட்டும் என்று ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் மூன்று நிமிடம் காத்திருந்தேன். ஸ்கோப்பில் குறுக்குக் கோடு லேசாக அதிர்ந்தது. கானல் என்று எழுதினேன். ஜனவரிக் குளிரிலும் கானல் என்றே எழுதியிருக்கிறேன்.

என்னை முதன்முதலில் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனவர் ஒரு தூத்துக்குடிக்காரர். ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்; என்னைவிட எட்டு வயது சின்னவர். ஞாயிறு அவருக்குச் சர்ச் என்பதால் எங்கள் நாள் சனி. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, டார்கெட் பார்ப்பதற்காக ரேஞ்சில் எல்லாரையும் சுடுவதை நிறுத்தச் சொன்ன நேரத்தில் இரண்டு பேரும் நடந்துபோய் என் டார்கெட்டைப் பார்த்தோம்.

"என்ன அண்ணாச்சி, கோலத்துக்குப் புள்ளி வச்சிருக்கீங்களா?"

"இந்த லாட் வெடிமருந்து சரியில்ல."

"போன மாசம் குண்டு சரியில்லன்னீங்க. அதுக்கு முந்தி ஸ்கோப்பு. பாவம், அந்த ஸ்கோப்பு மனசு என்ன பாடுபட்டிருக்கும்." சிரித்துவிட்டு, "ஆமா, கடைத் தோட்டா ஒரு பெட்டி போட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

நான் காலிப்பரைத் துளைகளில் வைத்து அளக்கத் தொடங்கினேன்.

"லேப்ல இருக்கிற மனுசன். கன்ட்ரோல் சாம்பிள் இல்லாம ஆறு மாசமா டெஸ்ட் பண்றீங்க. உங்க ஜூனியர் இப்படி ரிப்போர்ட் கொண்டு வந்தா மூஞ்சில எறிய மாட்டீங்க?"

எறிந்திருப்பேன். புதுசாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். முதலில், நல்லது என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றை வைத்துப் பார், பிறகு சந்தேகமானதற்கு வா. கடைத் தோட்டா என் கார் டிக்கியில் அக்டோபரிலிருந்து இருந்தது. பிரிக்காத பெட்டி.

எடுத்துவந்து பிரித்தேன். மணல்மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து ஐந்து சுட்டேன். இரண்டு அங்குலமும் கொஞ்சமும். பிறகு அவர் உட்கார்ந்து, என் துப்பாக்கியில் அதே பெட்டியிலிருந்து ஐந்து சுட்டார். ஒன்றேகால்.

"நாலு நாள் பழகின துப்பாக்கி மாதிரி இருக்கு" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நான் செய்த தோட்டாவை அவர் சுட வேண்டும். ஆனால் ரீலோடிங்கில் எல்லாருக்கும் முதலில் சொல்லப்படுவது, அடுத்தவன் கையால் அடைத்த தோட்டாவைச் சுடாதே என்பது. அளவு தப்பியிருந்தால் துப்பாக்கி முகத்தருகே வெடிக்கும். இவர் சொந்தத் தம்பி அடைத்ததைக்கூடத் தொடாதவர். அதனால் நான் கேட்கவில்லை. பெட்டியை மூடப் போனேன்.

"அந்த நோட்டை இங்க தாங்க" என்றார்.

கடைசி மூன்று பக்கங்களை விரல் வைத்துப் படித்தார். ஆஸ்பத்திரியில் சார்ட் படிப்பதும் இப்படித்தான் இருக்கும். நோட்டை மூடிவைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டினார். ஐந்து தோட்டாக்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் சுடும்போது அவர் கன்னத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வெடித்து, உறை சிமென்டில் விழுந்து உருண்டு நின்ற பிறகுதான் மூச்சு விட்டேன்.

நடந்துபோய்ப் பார்த்தோம். ஐந்து குண்டும் ஒரே கிழிசலாகப் போயிருந்தன. அளந்தேன். அரை அங்குலத்துக்குக் கீழே. அந்தத் துப்பாக்கியில் யாரும் அவ்வளவு நெருக்கமாகச் சுட்டதில்லை. நான் இதுவரை செய்தவற்றிலேயே அதுதான் மிகச் சிறந்த தோட்டா.

இந்தத் தடவை கேலி வரவில்லை. டார்கெட்டைப் பலகையிலிருந்து கழற்றி மடித்து என் நோட்டுக்குள் வைத்தார். "அண்ணாச்சி, எங்க ஆஸ்பத்திரியில நல்ல நியூராலஜிஸ்ட் ஒருத்தர் இருக்காரு. நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுறேன். வீட்டுல இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மேகசின்ல தோட்டா போடுறதப் பாத்தா தெரியும். கிறிஸ்மஸ் சமயத்துலயே."

அதனால்தான் கடைத் தோட்டாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சமையலறையிலிருந்து, "ஏங்க, இன்னைக்காவது சரியா வந்துச்சா?" என்றாள்.

"தோட்டா சரியாத்தான் இருக்கு."

"அப்பாடா. இனி ராத்திரி தூங்குவீங்க."

சாயங்காலம் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனேன். முதல் ஒன்றேகாலைத் தாண்டியும் போனேன். அதற்கு ஏழு வாரம் முன்னால் ஒரு வரி: தானாக நிறுத்துக் கொட்டும் மின்தராசு வாங்கினேன், நேரம் மிச்சம். அந்தக் காரணம் பொய். சின்னக் கரண்டியால் வெடிமருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் தராசில் விடும்போது தட்டுக்கு வெளியே சிந்திக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று வாரம் மேசையைத் துணியால் துடைத்துவிட்டு ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். என் நோட்டில் நான் எழுதிய பொய் அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் திரையில் வந்தார். மழை, மின்வெட்டு, மருமகள் வேலை மாறியது எல்லாம் பேசினார். பேச்சு ஓய்ந்ததும் கேட்டேன்.

"அண்ணா, உனக்கு முதல்ல எந்த விரல்ல ஆரம்பிச்சுது?"

டம்ளரைக் கீழே வைத்தார். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

"எப்ப இருந்துடா?" என்றார்.

நோட்டைப் பார்த்துத் தேதியைச் சொன்னேன்.